திருவனந்தபுரமா, மதுரையா, வேலூரா? மூட்டுவாதம் வந்த பிள்ளைக்கு எதை எங்க பாக்குறது

செங்கோட்டை, புளியரை, தென்காசி பக்கம் இருக்கவங்களுக்கு ஒரு வசதி உண்டு, மேற்க பஸ் ஏறினா கேரளா, கிழக்க போனா திருநெல்வேலி, வடக்க போனா மதுரை, எல்லா பக்கமும் ஆஸ்பத்திரி இருக்கு. அதனாலயே பிள்ளைக்கு பெருசா ஏதாவது வந்துட்டா எங்க போறதுன்னு வீட்டுக்குள்ள பட்டிமன்றம் ஆரம்பிச்சிடும். சித்தப்பா வேலூர்ம்பாரு, அத்தை புனலூர் ஆயுர்வேத வைத்தியசாலைம்பாங்க, பக்கத்து வீட்டு அக்கா திருவனந்தபுரம்பாங்க, நடுவுல பிள்ளை நொண்டிக்கிட்டே இருக்கும்.

எங்க பாப்பாவுக்கு சின்ன வயசுலயே முட்டியிலும் கணுக்கால்லயும் மூட்டுவாதம் வந்துச்சு, இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கா. அதுக்கப்புறம் இந்த பக்கத்துல யார் பிள்ளைக்கு முட்டி வீங்கினாலும் என்கிட்ட கேக்க ஆரம்பிச்சிட்டாங்க, எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி, எந்த ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரின்னு. என் கருத்த முதல்லயே சொல்லிடுறேன், ஒரே ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் பாக்கணும்னு நினைக்காதீங்க, வேலைய பிரிச்சுக்கோங்க. மருந்து முடிவு பண்றது ஒரே ஒரு டாக்டர், அவங்க குழந்தைங்களோட மூட்டுவாதத்த பாத்து பழகினவங்களா இருக்கணும், அவங்க தூரத்துல இருந்தாலும் பரவால்ல. ரத்த டெஸ்ட்டு, பிசியோ, காய்ச்சல் சளிக்கு பாக்குற டாக்டர் இதெல்லாம் வீட்டு பக்கத்துல. கண்ணு தனி கணக்கு, அத பின்னாடி சொல்றேன்.

ஏன்னா இது ஒரு தடவை போய் ஆபரேஷன் பண்ணிட்டு வர்ற வியாதி இல்ல. பதினாறு வயசுக்குள்ள ஆரம்பிச்சு, ஒரு மூட்டாவது ஆறு வாரத்துக்கு மேல வீங்கி இருந்து, வேற காரணம் எதுவும் இல்லன்னா இதுக்கு ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்னு பேரு, டாக்டருங்க ஜே.ஐ.ஏ.ம்பாங்க. உடம்போட எதிர்ப்பு சக்தி தன் மூட்டையே தாக்குது, ஏன்னு யாருக்கும் முழுசா தெரியாது, நீங்க கர்ப்பமா இருக்கும்போது பப்பாளி சாப்பிட்டதுனால வரல, குற்றாலத்துல குளிச்சதுனாலயும் வரல. இதுலயும் வகை இருக்கு, நாலு மூட்டு வரைக்கும் வர்றது ஒண்ணு, அஞ்சும் அதுக்கு மேலயும் வர்றது ஒண்ணு, தினமும் காய்ச்சல் அடிச்சு தடிப்பு வர்ற சிஸ்டமிக் வகை ஒண்ணு, கொஞ்சம் பெரிய பசங்களுக்கு குதிகாலும் இடுப்பும் வலிக்கிற வகை ஒண்ணு, இன்னும் ரெண்டு மூணு இருக்கு. இந்த வகைய சரியா பிரிக்கிறதுக்கு தான் தெரிஞ்ச டாக்டர் வேணும், வகைக்கு வகை மருந்து மாறும்.

இங்க தான் பக்கத்துல இருக்க கிளினிக்கையும் தூரத்துல இருக்க ஸ்பெஷலிஸ்ட்டையும் ஒப்பிடணும். பக்கத்துல இருக்கவங்க மோசம்னு சொல்ல வரல. ஆனா ஒரு குழந்தை டாக்டரோ எலும்பு டாக்டரோ இந்த வியாதிய எப்பவாவது ஒண்ணு தான் பாப்பாங்க, அதனால ரெண்டு இடத்துல தடம் மாறுது. ஒண்ணு, வாதத்துக்குன்னு ரத்தத்துல பாக்குற ஆர்.ஏ. ஃபேக்டர் டெஸ்ட் எடுத்துட்டு நெகட்டிவ்னா வாதமே இல்லம்மான்னு அனுப்பிடுறது. இந்த பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த டெஸ்ட் நெகட்டிவா தான் இருக்கும், இது கைய வச்சு மூட்ட பாத்து கண்டுபிடிக்கிற வியாதி. இன்னொண்ணு, ரத்தத்துல ஏ.எஸ்.ஓ.ன்னு ஒரு டெஸ்ட் கூடி இருக்குன்னு சொல்லி, தொண்டை கிருமிக்கு அப்புறம் மூட்டையும் இதயத்தையும் தாக்குற ருமாட்டிக் காய்ச்சல்னு முடிவு பண்ணி மூணு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி ஆரம்பிக்கிறது. தொண்டையில கிருமி வந்துட்டு போன எந்த பிள்ளைக்கும் ஏ.எஸ்.ஓ. கூடும், ருமாட்டிக் காய்ச்சல்ல வலி ஒரு மூட்டுல இருந்து இன்னொரு மூட்டுக்கு தாவும், ஒரே முட்டி மாசக்கணக்குல வீங்கி நிக்காது. எங்க பாப்பாவுக்கும் ஒரு இடத்துல அந்த ஊசிய எழுதி கொடுத்தாங்க, அங்க இருந்த வயசான நர்ஸம்மா தான் காதுகிட்ட வந்து, ஏம்மா எதுக்கும் ஒரு தடவை பெரிய இடத்துல காட்டிட்டு வாங்களேன்னாங்க. புண்ணியவதி.

சரி, பெரிய இடம் எது. வேலூர் சி.எம்.சி.யில குழந்தைங்க ரூமட்டாலஜி, அதான் மூட்டுவாத வைத்தியத்துக்குன்னே தனி பிரிவு இருக்கு, கொச்சி இடப்பள்ளியில அமிர்தா ஆஸ்பத்திரியிலயும் இருக்கு. அரசு பக்கம்னா சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில ரூமட்டாலஜி துறை. திருவனந்தபுரத்துல மெடிக்கல் காலேஜ் வளாகத்துலயே எஸ்.ஏ.டி. இருக்கு, குழந்தைங்களுக்கு பெரிய ஆஸ்பத்திரி.

செங்கோட்டைல இருந்து பாத்தா வேலூர் தான் போக கஷ்டம், பொதிகை எக்ஸ்பிரஸ் நேரா சென்னை போயிடும், வேலூருக்கு இறங்குற காட்பாடி வழி கிடையாது, விழுப்புரத்துல இறங்கி திருவண்ணாமலை வழியா பஸ்ஸு, இல்ல மதுரை போய் மாறணும். காலைல முட்டி மடங்காத பிள்ளைய தூக்கிக்கிட்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறத யோசிச்சு பாருங்க. கொச்சிக்கு பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கு, நடு ராத்திரி ஏறினா ஆரியங்காவு, தென்மலை, புனலூர் எல்லாம் தூக்கத்துலயே போயிடும், காலைல எர்ணாகுளம். மலையாளம் ஒரு பிரச்சனையே இல்ல நமக்கு, 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில தானே இருந்துச்சு, எங்க ஆச்சி இன்னைக்கும் கோவம் வந்தா மலையாளத்துல தான் ஏசும்.

காசுன்னு வந்தா கணக்கு திரும்பிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்க குடும்பத்துக்கு கிடைக்கும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். ஆனா அது முக்கியமா அட்மிஷன் போட்டு செய்ற சிகிச்சைக்கு தான், இந்த வியாதியில செலவு முழுக்க ஓ.பி.யிலயும் மாசாந்திர மருந்துலயும் தான் போகுது. அதுவும் எல்லை தாண்டினா அட்ட செல்லுமா செல்லாதான்னு அங்க காப்பீட்டு கவுண்டர்ல முன்னாடியே கேட்டுக்கணும், ஊர்ல யாரோ செல்லும்னாங்கன்னு நம்பி கிளம்பாதீங்க. கையில காசு இறுக்கம்னா என் தேர்வு மதுரை தான், அரசு ஆஸ்பத்திரியில மருந்துக்கு காசு கிடையாது, செங்கோட்டை மதுரை ரயில் டிக்கெட்டு நம்ம கைக்கு அடங்கும். காசு ஓரளவு புரளும்னா முதல் தடவை குழந்தைங்க ரூமட்டாலஜிஸ்ட்கிட்ட போய் வகைய உறுதி பண்ணிட்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை போய்ட்டு வர்ற மாதிரி வச்சிக்கலாம். நாங்க கேரளா பக்கம் போறோம், காரணம் மருத்துவம் ஒசத்தின்னு இல்ல, பாப்பா ரயில்ல படுத்துட்டு போலாம்னு தான்.

ரெண்டு டாக்டருக்கு நடுவுல ஊஞ்சலாட மட்டும் செய்யாதீங்க. அங்க ஒரு மருந்து ஆறு வாரம், பிடிக்கலன்னு இங்க வந்து இன்னொண்ணு ஒரு மாசம், இப்படியே ஒரு வருஷம் போன பிள்ளைங்கள பாத்திருக்கேன், முட்டி மடங்கினபடியே நின்னுபோச்சு. வீக்கம் இருக்கிற ஒவ்வொரு மாசமும் மூட்டுக்குள்ள குருத்தெலும்பு அரிஞ்சிக்கிட்டே இருக்கு.

இப்ப மருந்து. முதல்ல நாப்ராக்சன், இப்யூப்ரோஃபன் மாதிரி வலி வீக்க மருந்து, சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுக்கணும். சில பிள்ளைக்கு அதுலயே அடங்கும், பல பேருக்கு அடங்காது. ஒண்ணு ரெண்டு மூட்டு மட்டும்னா மூட்டுக்குள்ளயே ஸ்டீராய்டு ஊசி போடுறது நல்ல வழி, சின்ன பிள்ளைன்னா லேசா மயக்கம் கொடுத்து போடுவாங்க, வீக்கம் பல மாசத்துக்கு வடிஞ்சிடும். ஸ்டீராய்டுன்னு கேட்டதும் நம்ம ஆளுங்க அலறுவாங்க, ஆனா மூட்டுக்குள்ள போடுறதும் மாசக்கணக்கா மாத்திரையா முழுங்குறதும் ஒண்ணு இல்ல. மாத்திரையா நீண்ட நாள் போனா தான் முகம் ஊதும், பிள்ளை வளர்த்தி குறையும், எலும்பு தேயும். சிஸ்டமிக் வகையில அது தேவைப்படலாம், அப்ப டாக்டர் சொல்லாம நீங்களா திடீர்னு நிறுத்தவும் கூடாது, அது அதைவிட ஆபத்து.

அடுத்தது மெத்தோட்ரெக்சேட், இத பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், இங்க தான் பெத்தவங்க நிறைய பேர் முழிக்கிறாங்க. கூகுள்ல போட்டா கேன்சர் மருந்துன்னு வரும், உடனே வீட்ல அழுக. கேன்சருக்கு கொடுக்குற அளவு வேற, இதுக்கு கொடுக்குற அளவு அதுல ரொம்ப சின்ன பங்கு. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் தான், திரும்ப சொல்றேன் வாரத்துக்கு ஒரு நாள், தெரியாம தினமும் கொடுத்தா உயிருக்கே ஆபத்து. அதனால ஒரு கிழமைய முடிவு பண்ணி காலண்டர்ல வட்டம் போட்டு, மாத்திரைய வீட்ல ஒரே ஆள் தான் எடுத்து கொடுக்கணும், அம்மா ஒண்ணு ஆச்சி ஒண்ணுன்னு ஆக கூடாது. கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதுவாங்க. வேலை செய்ய ஆறுல இருந்து பன்னெண்டு வாரம் ஆகும், அதுக்குள்ள ஒண்ணுமே ஆகலையேன்னு விட்டுடுறவங்க தான் ஜாஸ்தி.

மாத்திரையா ஊசியான்னு கேட்டா, மாத்திரை விலை கம்மி, எந்த பெரிய மெடிக்கல் ஷாப்லயும் கிடைக்கும், குத்துற வலி இல்ல. ஊசி, தோலுக்கு அடியில போடுறது, டோஸ் கூடும்போது மாத்திரைய விட உடம்புல நல்லா சேரும். இதெல்லாம் டாக்டர் சொல்ற கணக்கு. வீட்ல நடக்கிற கணக்கு வேற. மாத்திரை மஞ்சள் கலர்ல இருக்கும், எங்க பாப்பாவுக்கு முழுங்கின அன்னைக்கு குமட்டல் வர ஆரம்பிச்சு, அப்புறம் மாத்திரை நேரம் வர்றதுக்கு முன்னாடியே, சனிக்கிழமை சாயங்காலமே முகம் சுண்டிடும், அப்புறம் டப்பாவ எடுத்தாலே ஓங்கரிக்கும், கடைசியில கடையில மஞ்சள் ஜெம்ஸ் மிட்டாய பாத்து வாந்தி எடுத்துட்டா. இது அடம் இல்ல, மெத்தோட்ரெக்சேட் எடுக்கிற பிள்ளைங்களுக்கு நினைச்ச உடனே குமட்டல் வர்றது நிறைய நடக்குறது தான், டாக்டர்கிட்ட சொன்னா குமட்டலுக்கு முன்னாடியே கொடுக்க மருந்து தருவாங்க, ராத்திரி தூங்கப்போற நேரத்துக்கு மாத்த சொல்லுவாங்க, இல்ல ஊசிக்கு மாத்துவாங்க. எங்களுக்கு மாத்தினாங்க. போடுறதுக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லி கொடுத்தாங்க, தொடைய ரெண்டு விரல்ல கிள்ளி பிடிச்சு சின்ன ஊசிய சரக்குன்னு இறக்கணும், மெதுவா செஞ்சா தான் வலிக்கும். எந்த தொடைன்னு பாப்பா தான் முடிவு பண்ணுவா, அந்த ஒரு அதிகாரம் அவ கையில இருக்கிறதுனால ஓட்டம் நின்னுச்சு. குமட்டல் முழுசா போகல, ஆனா டப்பாவ பாத்து ஓடுறது இல்ல.

ரத்த டெஸ்ட்டு, அதான் ரத்த அணு, கல்லீரல், கிட்னிக்கு கிரியேட்டினின், ஆரம்பத்துல அடிக்கடி, அப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை. இதுக்கு கொச்சிக்கோ மதுரைக்கோ போக வேண்டாம், தென்காசியில எடுத்து ரிப்போர்ட்ட போட்டோ பிடிச்சு அனுப்பினா பாத்து சொல்ற டாக்டரா இருந்தா அதுவே பாதி அலைச்சல் மிச்சம். டாக்டர தேர்ந்தெடுக்கும்போதே இத கேட்டுடுங்க, நான் தூரத்துல இருந்து வர்றேன், நடுவுல கேள்வி வந்தா யார கூப்பிடணும்னு. பதில் சொல்லாத பெரிய டாக்டர விட பதில் சொல்ற சின்ன டாக்டர் மேல்னு நான் சொல்லுவேன். காய்ச்சல் ஜாஸ்தியா அடிச்சாலோ, ஸ்கூல்ல யாருக்காவது அம்மை போட்டிருந்தாலோ அந்த வார டோஸ் போடலாமான்னு கேட்டுட்டு போடணும். தடுப்பூசியும் அப்படி தான், உயிருள்ள கிருமி வச்ச ஊசி சிலது இந்த மருந்தோட ஒத்து வராது, அட்டவணைய அந்த டாக்டர்கிட்ட காட்டுங்க.

மெத்தோட்ரெக்சேட்டும் பத்தலன்னா பயோலாஜிக்ஸ், அதான் வீக்கத்த கிளப்புற எதிர்ப்பு சக்தியோட ஒரு பகுதிய மட்டும் குறி வச்சு அடக்குற ஊசி மருந்து. அடலிமுமாப், எடனர்செப்ட், சிஸ்டமிக் வகைக்கு டோசிலிசுமாப். 2014ல அடலிமுமாப் இந்தியாவுலயே தயாரிச்சு வந்த பிறகு விலை இறங்கி இருக்கு, ஆனாலும் சாதாரண குடும்பத்துக்கு பாரம் தான், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எத்தனை மாசம் போடணும், பாதியில காசு இல்லாம நிறுத்தினா என்ன ஆகும்னு வெக்கப்படாம கேளுங்க. முன்னாடியே டி.பி. இருக்கான்னு பாப்பாங்க, நம்ம ஊர்ல அது கட்டாயம், வீட்ல யாருக்காவது இருமல் வியாதி இருந்திருந்தா மறைக்காதீங்க. ஊசி 2ல இருந்து 8 டிகிரி குளிர்ச்சியில இருக்கணும், ஐஸ் பேக் போட்ட டப்பாவுல தான் கொண்டு வரணும், உறைஞ்சு போனாலும் வீண்.

இப்ப அத்தையோட வைத்தியசாலை. கேரளாவுக்கு இவ்வளவு பக்கத்துல இருந்துட்டு இத பேசாம இருக்க முடியாது. ஆயுர்வேதம் ஏமாத்துன்னு நான் சொல்ல மாட்டேன், எங்க அத்தைக்கு இடுப்பு வலிக்கு உழிச்சல் நல்லாவே கேட்டுச்சு. ஆனா பெரியவங்க தேய்மான வலியும் பிள்ளைங்களோட இந்த வியாதியும் ஒண்ணு இல்ல. காலைல விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம், இளஞ்சூட்டுல எண்ணெய் தடவுறது, இதெல்லாம் பிள்ளைக்கு இதமா இருந்தா செய்யலாம், கொதிச்சு வீங்கி நிக்கிற முட்டிய போட்டு அழுத்தி உழியிறது வேண்டாம். உள்ளுக்கு கொடுக்கிற மருந்துல தான் எனக்கு பயம், அதுவும் லேபிள் இல்லாத பொடி, பஸ்பம். பாதரசம், ஈயம் கலந்த மருந்துகள் உண்டு, பேர் இல்லாத பொட்டலத்துல ஸ்டீராய்டு கலந்து விக்கிறவங்களும் உண்டு, ரெண்டு நாள்ல வலி பறந்துடுச்சேன்னு சந்தோஷப்படுவோம். போதாததுக்கு மெத்தோட்ரெக்சேட் ஏற்கனவே கல்லீரல்ல வேலை பாக்குது, அது மேல என்னன்னே தெரியாத கஷாயத்த ஊத்தினா ரத்த டெஸ்ட்டுல ஏறினது எதனாலன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. அத்தைகிட்ட நேரா வேண்டாம்னு சொன்னா சண்ட தான் வரும், அதனால எண்ணெய் ஒத்தடம் உங்க பொறுப்பு அத்தை, வாய்க்குள்ள போறது டாக்டர் பொறுப்புன்னு பிரிச்சு விட்டேன், அவங்களும் தினமும் காலைல ஆறு மணிக்கே துண்ட வெந்நீர்ல முக்கி வச்சிட்டு உக்காந்துடுவாங்க.

கண்ணு. தயவுசெஞ்சு இத தாண்டி போயிடாதீங்க. இந்த பிள்ளைங்கள்ல சில பேருக்கு கண்ணுக்குள்ள யுவியைட்டிஸ்னு ஒரு அழற்சி வரும், பெரும்பாலும் சிவக்காது, வலிக்காது, பிள்ளை ஒண்ணும் சொல்லாது, பாத்தா கண்ணு பளிச்சுன்னு இருக்கும், உள்ள பார்வை போய்க்கிட்டு இருக்கும். டார்ச் அடிச்சு பாத்தா தெரியாது, கண் டாக்டர்கிட்ட இருக்க ஸ்லிட் லேம்ப்னு ஒரு மைக்ராஸ்கோப்ல தான் தெரியும். சின்ன வயசுல ஆரம்பிச்சு, கொஞ்ச மூட்டு மட்டும் வீங்கி, ஏ.என்.ஏ.ன்னு ஒரு ரத்த டெஸ்ட் பாசிட்டிவ்னா ஆபத்து ஜாஸ்தி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும், முட்டி நல்லா ஆன பிறகும் பாக்கணும். கண்ணாடி கடையோட இருக்க செக்கப்புக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் ஒப்பீடே இல்ல, நாங்க திருநெல்வேலி அரவிந்த் போறோம், காலைல போனா பொழுது சாயுறதுக்குள்ள வீடு. கண்ணுல வந்துட்டா பயோலாஜிக்ஸ்ல எடனர்செப்ட் சரிப்படாது, அடலிமுமாப் தான் போவாங்க, அதனால கண் ரிப்போர்ட் மூட்டு டாக்டர் கைக்கு போகணும்.

பிசியோவும் பக்கத்துலயே வச்சிக்கோங்க, தூரத்துல வாரம் ஒரு மணி நேரம் செய்றத விட வீட்ல தினமும் பத்து நிமிஷம் மேல். எங்களுக்கு சொல்லி கொடுத்த மலையாளத்து பொண்ணு, மோளே மோளேன்னு கொஞ்சிக்கிட்டே கணுக்காலுக்கு அடியில துண்ட சுருட்டி வச்சு முட்டி பின்பக்கத்த கட்டில்ல அழுத்த சொல்லும், பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், மடங்கி நின்ன முட்டி அதுல தான் நீண்டுச்சு. வலிக்குதேன்னு முட்டிக்கு கீழ தலையணை வச்சு தூங்க விடாதீங்க, மடங்கினபடியே பழகிடும். கீழ உக்காந்து எந்திரிக்கிறதும் இந்திய கக்கூஸும் விறைப்பு இருக்கிற காலத்துல கஷ்டம், ஒரு பிளாஸ்டிக் கமோடு சேர் வாங்கினா போதும், வீட்ட இடிக்க வேண்டாம்.

கடைசியா ஸ்கூலு, நிறுத்தி வீட்ல வச்சிக்கிறதா அனுப்புறதான்னு. அனுப்புங்க. வியாதி கொதிக்கிற கொஞ்ச நாள் லீவு போடலாம், வருஷத்தையே நிறுத்துறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. ஹெட்மாஸ்டர்கிட்ட டாக்டர் லெட்டரோட போய் கேட்டா செலவில்லாத விஷயங்கள செஞ்சு தருவாங்க, கிளாஸ கீழ் மாடிக்கு மாத்துறது, தரையில உக்கார வைக்காம பெஞ்சு கொடுக்கிறது, பீரியடுக்கு ஒரு தடவை எந்திரிச்சு ரெண்டு எட்டு நடக்க விடுறது, புத்தகம் ஒரு செட்டு ஸ்கூல்லயே வச்சிக்கிறது. காலைல கொஞ்சம் லேட்டா வந்தா திட்டாம இருக்கிறது தான் வாங்க கஷ்டம், ஏன்னா இந்த பிள்ளைங்க எட்டு மணிக்கு படிக்கட்டுல ஒவ்வொரு படியா உக்காந்து இறங்கும், அதே பிள்ளை பதினோரு மணிக்கு கிரவுண்டுல ஓடும், பாக்குறவங்களுக்கு நடிக்கிற மாதிரி தான் தெரியும். இத மிஸ்கிட்ட முதல் நாளே விளக்கிடணும். பி.டி. பீரியட்ல ஓரமா உக்கார வைக்க சொல்லாதீங்க, முடிஞ்ச வரைக்கும் ஆடட்டும், முடியாதப்ப அவளே நிறுத்துவா, சைக்கிளும் நீச்சலும் இந்த மூட்டுக்கு நல்லது தான். பெரிய கிளாஸ் போய் விரல் மூட்டுல வந்திருந்தா பரீட்சைக்கு கூடுதல் நேரம் கேக்க வழி இருக்கு, அதுக்கு மருத்துவ சான்றிதழ் வேலை நேரம் பிடிக்கும், பத்தாங்கிளாஸ் ஹால் டிக்கெட் வர்ற வரைக்கும் காத்திருக்காம ஒம்பதாங்கிளாஸ்லயே ஸ்கூல் ஆபீஸ்ல பேச்ச ஆரம்பிச்சிடுங்க.